பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்று, பணத்தையும் கொடுக்க வேண்டுமா?

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் பல வருடம் மறைக்கல்வி (வேதபாட) வகுப்பு எடுத்தவன் நான். பாவசங்கீர்த்தனம், அதாவது பாவத்தைக் குருவானவரிடம் (பாதிரியாரிடம்) சொல்லி மன்னிப்புப் பெறுவது, முடிந்த பிறகும் செய்த தவறுக்கு ஈடுகட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: ஜவுளிக்கடையில் வேலை பார்த்தபோது கல்லாவிலிருந்து அவ்வப்போது எடுத்தேன். மொத்தம் 40,000 வரும். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். முதலாளி இப்போது உயிரோடு இல்லை. இன்னும் கொடுக்க வேண்டுமா?

பதில்: கொடுக்கத்தான் வேண்டும். மன்னிப்பு பாவத்தைப் போக்கும், கடன் அப்படியே நிற்கும். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், எண் 1459இல், ஈடு செய்வதற்கு முதல் உதாரணமே திருடியதைத் திருப்பிக் கொடுப்பதுதான். முதலாளி இல்லையென்றால் அவர் மனைவி, பிள்ளைகள்.

எவ்வளவு? விவிலியத்தில், லேவியர் நூலின் 6ஆம் அதிகாரத்தில் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரச் சொல்லியிருக்கிறது. உங்கள் கணக்கில் 8,000 கூட. இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவர் சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் தருவதாகச் சொன்னார். அது, திருடிய ஆட்டை அறுத்தவனுக்கும் விற்றவனுக்கும் விடுதலைப் பயண நூலின் 22ஆம் அதிகாரம் போட்ட தண்டம். தானாக ஒத்துக்கொள்பவருக்கு முதலோடு ஐந்தில் ஒன்றே போதும் என்றிருக்க, அவர் திருடனுக்குரிய கணக்கைத் தன் மேல் போட்டுக்கொண்டார். அந்த விகிதம் இன்று நமக்குக் கட்டாயமில்லை. எடுத்ததைத் திருப்பித் தருவது கட்டாயம், எடுத்ததால் அவர்கள் இழந்த லாபமும் சேரும்.

நேரில் போய்ப் பெயர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. குருவானவர் மூலம் பெயர் தெரியாமல் சேர்ப்பிக்கலாம், அவர் வாய் திறக்க மாட்டார்.

நானே ஒரு நண்பரிடம் வாங்கிய 3,000 ரூபாயை மறந்த மாதிரி பல வருடம் நடித்தவன். பிறகு 3,600ஆகக் கொண்டுபோய் நீட்டினேன். மேலே உள்ள 600ஐத் திருப்பித் தருவார் என்று உள்ளூர ஒரு நப்பாசை. எச்சில் தொட்டு ஒவ்வொரு நோட்டாக எண்ணினார், சட்டைப்பையில் வைத்தார், "டீ சாப்பிடுறியா?" என்றார். அவ்வளவுதான்.

கேள்வி: அந்த மாதிரிப் பணத்தைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டால்?

பதில்: உரியவர் இருக்கும்போது கூடாது. விவிலியத்தின் எண்ணிக்கை நூல் 5ஆம் அதிகாரத்தின்படி, வாங்கிக்கொள்ள உறவினர் யாருமே இல்லாதபோதுதான் அது குருவுக்குப் போகும்.

கேள்வி: கூட வேலை பார்த்த பெண்ணைப் பற்றி இல்லாததைச் சொன்னேன். அவளுக்கு வந்த வரன் தட்டிப்போனது. காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டால் போதுமா?

பதில்: போதாது. பொய் எந்தக் காதில் விழுந்ததோ அந்தக் காதுக்கே போய், "நான் சொன்னது பொய்" என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீடு, நடுவில் பேசியவர், ஆபீஸில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், எல்லாரிடமும். "ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டேன்" என்று மழுப்பினால் அது இரண்டாவது பொய்.

அந்த வரன் திரும்ப வராமல் போகலாம். அதை உங்களால் ஈடுகட்ட முடியாது. அவள் உங்கள் முகத்தில் முழிக்க மறுத்தால் அது அவள் இஷ்டம், வற்புறுத்தாதீர்கள். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் நல்லுறவு செய்துகொள் என்கிறாரே இயேசு (மத்தேயு 5), அங்கே மனத்தாங்கல் இருப்பது மற்றவருக்கு. நம் மனம் லேசாவது அங்கே பேச்சே இல்லை.

கேள்வி: ஒருவரைப் பற்றி நான் சொன்னது உண்மைதான், ஆனால் சொல்லியிருக்கக் கூடாது. அப்போது?

பதில்: இதுதான் சிக்கல். பொய் என்று மறுக்க முடியாது. இனி வாயை மூடிக்கொண்டு, அதே ஆட்களிடம் அவரிடம் உள்ள நல்லதை எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்டு சபை. இயேசுவின் இரத்தமே எல்லாப் பாவத்தையும் கழுவும்போது இதெல்லாம் எதற்கு?

பதில்: மீட்பை விலைக்கு வாங்க இல்லை, சரி. ஆனால் அடிமை ஒநேசிமுவுக்காக அவன் எஜமான் பிலேமோனுக்கு எழுதியபோது திருத்தூதர் பவுல், அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் என் கணக்கில் வை, நான் செலுத்துவேன் என்று கைப்பட எழுதிக் கொடுக்கிறார். அவரும் கணக்கை அழிக்கச் சொல்லவில்லை.

கேள்வி: கொடுக்க மனமிருக்கிறது, கையில் காசில்லை.

பதில்: மாதம் 500 என்று ஆரம்பியுங்கள். மொய் நோட்டு மாதிரி ஒரு நோட்டுப் போட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள். நடுவில் தங்கைக்குக் கல்யாணம் வந்து இரண்டு மாதம் தவறினால், மூன்றாம் மாதம் தொடருங்கள்.