சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத பாய்ப்படகை வடிவமைக்க எதைக் கவனிக்க வேண்டும்?

வன்னிக் கரையோர மீனவருக்காக 20 அடிப் பாய்ப்படகு ஒன்றை வடிவமைப்பதாகவும், இருக்கிற பைபர் படகிலேயே பாய் கட்டினால் போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முல்லைத்தீவில் படகு திருத்துவதுதான் என் தொழில். கரையில் நின்று பார்ப்பவனாகச் சொல்கிறேன்: போதாது.

காரணம் படகின் அடி. இங்கே ஓடும் பைபர் படகுகள் எஞ்சினுக்காக வார்க்கப்பட்டவை. பின்பக்கம் அகலமாக, தட்டையாக, நீருக்குள் அமிழ்ந்திருக்கும். வேகமெடுத்ததும் அணியம் (படகின் முன்முனை) தூக்கி, நீரின் மேல் சறுக்கிப் போவதற்கான அமைப்பு அது. பாய் தரும் வேகத்தில் அது சறுக்காது. பின்பலகைக்குப் பின்னால் தண்ணீர் சுழன்று கொண்டே வரும். அந்தச் சுழியையும் சேர்த்தே படகு இழுக்க வேண்டும். பாய்ப்படகுக்கு அடி பின்னால் மெல்ல மேலேறி, பின்பலகை தண்ணீரில் படாமல் முடிய வேண்டும். அப்படிச் செய்தாலும், நீரில் படும் நீளம் 20 அடி என்றால் மணிக்கு 6 கடல்மைல், அதாவது 11 கிலோமீட்டர் அளவில்தான் ஓடும். வெயிலேற முன்னர் மீனைக் கரை சேர்க்க வேண்டியவருக்கு இது பெரிய விஷயம். ஆகவே ஐஸ் பெட்டிக்கான இடத்தை முதல் வரைபடத்திலேயே ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது காற்று. முல்லைத்தீவுப் பக்கம் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். போவது சுகம், திரும்புவதுதான் பாடு. மன்னார்க் கரையில் கதை தலைகீழ். எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து ஏறிவர வேண்டுமென்றால், படகு பக்கவாட்டில் வழுக்காமல் பிடிக்க நீருக்கடியில் ஒரு பலகை வேண்டும். அதை அடியோடு பொருத்திய நிலையான கீலாக வைத்தால், ஆழமில்லாத நந்திக்கடல் களப்பில் தரை தட்டும். மணலில் இழுத்து ஏற்றவும் முடியாது. நடுவில் ஓட்டையிட்டு ஏற்றி இறக்கும் பலகை வைக்கலாம்தான், ஆனால் அந்தப் பலகையைச் சுற்றிக் கட்டும் பெட்டி வலை வைக்கும் இடத்தைத் தின்னும், மணல் புகுந்து இறுகியும்விடும். ஒல்லாந்தர் தங்கள் தட்டையடிப் படகுகளில் வெளிப்புறம் இரண்டு பக்கமும் பலகை தொங்கவிடுவார்கள். நம் களப்புகளுக்கு அதுதான் பொருத்தம் என்பேன்.

சரி, சுற்றுச்சூழலுக்கு வருவோம். எஞ்சினைக் கழற்றிப் பாயைக் கட்டுவதால் மிச்சமாவது எரிபொருள். படகின் உடம்பு என்னாகும் என்பது தனிக் கேள்வி, அதைத்தான் பலர் கேட்பதில்லை. கண்ணாடி இழையும் பொலியெஸ்டர் ரெசினும் ஒருமுறை இறுகினால் மறுபடி உருக்க முடியாது. பழைய படகைக் கிரைண்டரால் வெட்டினால் பறக்கும் வெள்ளைத் தூள், சட்டையைத் தோய்த்த பிறகும் கழுத்தில் அரிக்கும். வெட்டிய துண்டுகளை வாடிக்கு (மீனவர் கொட்டிலுக்கு) பின்னால் போட்டு எரிப்பார்கள். ரெசின் கரும்புகையாகப் போய்விடும். கண்ணாடி இழை விரிப்பு மட்டும் எரியாமல் சாம்பல் நிறத் துணியாக அப்படியே கிடக்கும். பிரான்ஸில் 2019 முதல் பழைய படகுகளைப் பிரித்து அகற்றும் பொறுப்பில் படகு தயாரிப்பவர்களுக்கும் பங்குண்டு. இங்கே அந்தப் பொறுப்பு தாழம்பற்றைக்குத்தான்.

ஜெர்மனியின் கிரீன்போட்ஸ் நிறுவனம் கண்ணாடி இழைக்குப் பதிலாக ஆளிச்செடி நாரில் படகு செய்திருக்கிறது. சூடாக்கி மறுபடி பிரிக்கக்கூடிய எலியம் என்ற ரெசினும் வந்துவிட்டது. கென்யாவின் லாமுவில் 10 தொன் பிளாஸ்டிக் கழிவில் கட்டிய பிளிப்பிளொப்பி என்ற பாய்க்கப்பல் 2019-இல் சான்சிபார் வரை போனது. படித்துப் பாருங்கள், ஆனால் நாரையும் ரெசினையும் ஐரோப்பாவிலிருந்து இறக்கினால், படகில் ஓட்டை விழும் நாளில் ஒட்டுவதற்கு முல்லைத்தீவில் ஒரு துண்டும் கிடைக்காது.

என் தெரிவு மரம்தான். அதுவும் எந்த மரம் என்று கேட்க வேண்டும். காட்டில் களவாக வெட்டிய முதிரையிலும் பாலையிலும் படகு கட்டிவிட்டுப் பசுமை பேச முடியாது. நட்டு வளர்த்த தேக்கங்காடுகள் வன்னியில் உண்டு, வளவுகளில் வேம்பும் நிற்கிறது. 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்டர் வரை பாயில் போன வல்வெட்டித்துறைக் கப்பல் அன்னபூரணி வேப்பமரத்தில் கட்டியது என்பார்கள். மெல்லிய பலகைகளை எப்பொக்சிப் பசையால் ஒட்டிக் கட்டுங்கள்; எப்பொக்சியும் மறுபடி உருகாது, ஆனால் கொஞ்சம்தான் செலவாகும், வெடித்த பலகையை ஊர்த் தச்சரே மாற்றிவிடுவார். பாய்க்கு மட்டும் தார்ப்பாய் வேண்டாம். வெயிலில் நார் நாராகப் பிய்ந்து கடலில்தான் விழும்.

காற்று விழுந்தால் கரை சேர ஒரு சிறு மின்மோட்டார் வையுங்கள். 2022 ஆகஸ்டில் படகு எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340-க்கு ஏறியதை இங்கே ஒருவரும் மறக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: ஒரு லீற்றரில் சுமார் 10 அலகு (கிலோவாட் மணி) சக்தி இருக்கிறது, எஞ்சின் அதில் ஐந்தில் ஒன்றைத் தந்தாலே பெரிது. அந்த 2 அலகைத் தர 20 கிலோ அளவில் லித்தியம் மின்கலம் வேண்டும். அன்றாட ஓட்டம் முழுவதற்கும் அதை நம்பினால் மீன் ஏற்ற இடமிராது.

பூச்சு பற்றியும் கேட்டிருந்தீர்கள். தினமும் மணலில் ஏற்றும் படகுக்குப் பாசி தடுக்கும் செப்புப் பூச்சு தேவையே இல்லை. களப்பில் கட்டிக்கிடக்கும் படகுக்கும், இறால் பிடிக்கும் தண்ணீரில் செம்பைக் கரைய விடுவதைவிட, மாதம் ஒருமுறை கரையேற்றிச் சுரண்டுவது மலிவு.