முயலுக்குப் பசி டானிக் தேடாதீர்கள், காய்ந்த புல் எங்கே என்று பாருங்கள்

கேள்வி: ஐயா, பாலக்கோடு பக்கத்தில் தக்காளியும் ராகியும் போட்டிருக்கிறோம். பாப்பா ஆசைப்பட்டாள் என்று ஐந்து மாதம் முன்பு கடையில் ஒரு ஜோடி வெள்ளை முயல்குட்டி வாங்கினோம். தகரக் கொட்டாயில் தக்காளி கிரேட்டுகளைக் கட்டிக் கூண்டு மாதிரி வைத்திருக்கிறோம். கடைக்காரர் சொன்னபடி பிராய்லர் குஞ்சுத் தீவனம், கோஸ் இலை, கேரட் போடுகிறோம். ஆண் முயல் நேற்றுக் காலையிலிருந்து எதையும் தொடவில்லை. மூலையில் குறுகி உட்கார்ந்திருக்கிறது. புழுக்கை மிளகு மாதிரி சின்னதாக நாலைந்து போட்டது, பிறகு அதுவும் இல்லை. மெடிக்கலில் அமாக்சிசிலின் சிரப் கொடுத்தார்கள், இன்னும் ஊற்றவில்லை. பெண் முயல் நன்றாகத்தான் தின்கிறது, ஆனால் விடியக்காலையில் தன் சாணியைத் தானே தின்கிறது. பசி எடுக்க எந்த டானிக் நல்லது? பாப்பா அழுதுகொண்டே இருக்கிறாள்.

பதில்: அம்மா, அந்த சிரப்பை ஊற்றாமல் வைத்தீர்களே, அதுவரைக்கும் நல்லது. ஒரு சொட்டுகூட வேண்டாம். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பெனிசிலின், லின்கோமைசின், கிளிண்டாமைசின் இவற்றில் எதையும் முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்கவே கூடாது. முயல் தின்றதைச் செரிக்க வைப்பது அதன் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிரிகள்தான். இந்த மருந்து அவற்றைக் கொன்றுவிடும். காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட பாக்டீரியா பெருகி நஞ்சைக் கக்கும். கழிச்சல் கண்டு சில நாளில் முயல் போய்விடும். ஆட்டுக்கும் குழந்தைக்கும் முயலுக்கும் ஒரே பாட்டிலை எடுத்து நீட்டும் மருந்துக்கடைகள் மேல் எனக்குக் கடும் கோபம் உண்டு. எடை பார்க்காமல், வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல், "அரை மூடி கொடுங்க" என்று சொல்வது வைத்தியம் இல்லை. நோய்க்கிருமி மருந்து தேவைப்பட்டால் முயலுக்கு ஒத்துக்கொள்ளும் மருந்துகள் தனியாக இருக்கின்றன. எது, எத்தனை மில்லி என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, நேரம். மாடு ஒரு வேளை தீனி எடுக்காவிட்டால் சாயந்தரம் வரை பார்க்கலாம். முயலுக்கு அந்தச் சலுகை கிடையாது. பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தாலே அவசரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். குடல் ஓட்டம் நின்றுவிடும், உள்ளே காற்று சேரும், அந்த வலியில் இன்னும் தின்னாது, கல்லீரலில் கொழுப்பு அடைக்கும். உங்கள் முயல் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டது. இதைப் படித்த உடனே அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்குப் போன் செய்தும் கேட்கலாம், ஆனால் கையில் எடுத்துப் போகக்கூடிய பிராணி இது, நீங்களே போவதுதான் வேகம். அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, பக்கவாட்டில் காற்றுக்கு ஓட்டை போட்டுக் கொண்டுபோங்கள். காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை பின்பக்கத்தைத் தாங்கி இருக்க வேண்டும். பின்னங்கால் அந்தரத்தில் தொங்கி, பயத்தில் உதைத்தால் முதுகெலும்பே முறிந்துபோகும். பாப்பாவுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

கிளம்பும் முன் இரண்டு நிமிடம் பாருங்கள். வயிற்றை மெதுவாகத் தொடுங்கள். மத்தளம் மாதிரி விறைத்து, காதும் சில்லென்று இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். அடைப்பு இருக்கலாம், மேலே ஊற்ற ஊற்ற ஆபத்து. முயலால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது முன்னோக்கித்தான் நகர்ந்தாக வேண்டும். காது சில்லிட்டிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். முயலின் உடல் சூடு 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும், அதற்குக் கீழே இறங்கினால் குடல் வேலை செய்யாது.

வயிறு மெத்தென்று இருந்தால், போகிற வழியில் ஊசி இல்லாத சிரிஞ்சால் கடைவாய் ஓரமாக ஒவ்வொரு மில்லியாகத் தண்ணீர் கொடுக்கலாம். விழுங்குகிறதா என்று பார்த்துத்தான் அடுத்தது. மருத்துவர் பார்த்து, அடைப்பு இல்லை என்று சொன்ன பிறகு, அருகம்புல்லையும் கொத்தமல்லித் தழையையும் நைசாக அரைத்துத் தண்ணீர் சேர்த்து, கிலோ எடைக்கு 10 மில்லி வீதம் ஒரு நாளில் நாலைந்து தடவை கொடுக்கலாம். வெல்லத் தண்ணீர், குளுக்கோஸ், பால், பூஸ்ட் எதுவும் கூடாது. இனிப்பு அந்தக் கெட்ட பாக்டீரியாவுக்குத்தான் தீனி. நீங்கள் கேட்ட பசி டானிக்கும் பெரும்பாலும் சர்க்கரைப் பாகுதான். முயலுக்குப் பசி மந்தம் என்பது நோய் இல்லை, உள்ளே ஒன்று கெட்டுவிட்டது என்பதன் அடையாளம். குடல் நகர ஆரம்பித்து வலி அடங்கினால் பசி தானாக வரும். அதனால்தான் மருத்துவர் முதலில் வலிக்கும் நீர்ச்சத்துக்கும் ஊசி போடுவார்.

பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். முயலின் பல் சாகும்வரை வளரும். முன்பல் மட்டுமே வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாக உரசாவிட்டால் வளைந்து வெளியே நீட்டும், அது உங்கள் கண்ணுக்கே தெரியும். கடைவாய்ப்பல் தெரியாது. அதன் ஓரம் முள்ளாக வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் கிழித்துக்கொண்டிருக்கும். தாடைக்குக் கீழே முடி நனைந்து ஒட்டியிருந்தாலோ, தீனிக்குக் கிட்டே வந்து மோந்துவிட்டுத் திரும்பினாலோ அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். தண்ணீர் பாட்டிலின் நிப்பிளையும் விரலால் தட்டிப் பாருங்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் இருக்கிற உப்பு அதன் முனையில் படிந்து அடைத்துவிடும். பாட்டில் நிறையத் தண்ணீர் இருக்கும், முயல் வாயில் ஒரு சொட்டு வராது. தண்ணீர் குடிக்காத முயல் தீனியையும் நிறுத்திவிடும். கனமான மண்சட்டியில் வையுங்கள், வீட்டுக்கு ஒகேனக்கல் தண்ணீர் வந்தால் அதையே ஊற்றுங்கள்.

இனி நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் தீவனம், கோஸ், கேரட் என்று எல்லாம் இருக்கிறது, காய்ந்த புல் என்ற சொல்லே இல்லை. எனக்குப் படுவது, நோயின் வேர் அங்கேதான். முயல் ஒரு நாளில் தின்பதில் எண்பது சதவீதம் நார் நிறைந்த புல்லாக இருக்க வேண்டும். முரட்டு நார்தான் குடலைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அதை மணிக்கணக்கில் அரைப்பதில்தான் கடைவாய்ப்பல் தேயும். நுண்ணிய பகுதி சீக்கம் என்ற பெரிய குடல்பைக்குள் போய்ப் புளித்து, பளபளவென்று கொத்தாக ஒட்டிய மெத்தென்ற புழுக்கையாக வெளியே வரும். உங்கள் பெண் முயல் விடியக்காலையில் தின்பது அதைத்தான். அதில் புரதமும் பி வைட்டமினும் இருக்கின்றன, தின்றே ஆக வேண்டும், பாப்பாவைத் தடுக்க விடாதீர்கள்.

பிராய்லர் குஞ்சுத் தீவனம் நாற்பது நாளில் கோழியை எடை ஏற்றுவதற்குச் செய்தது. அதில் நார் 5 சதவீதத்தைத் தாண்டாது, முயலுக்குக் குறைந்தது 14, 15 சதவீதமாவது வேண்டும், சும்மா வீட்டில் வளர்கிற முயலுக்கு அதைவிடக் கூடுதலாக. மாவுச்சத்து சீக்கத்தில் போய்த் தேங்கினால் அங்கே கெட்ட நொதிப்புதான் நடக்கும். அதைவிட மோசம், கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராமல் தடுக்கக் குஞ்சுத் தீவனத்தில் கலக்கும் சாலினோமைசின், நராசின் போன்ற மருந்துகள். கோழிக்குப் போடும் அளவு முயலின் உயிருக்கே ஆபத்து, முதலில் தீனியைத்தான் விடும். முயல் விற்கிற கடைக்காரருக்கு இது தெரியாது என்றால் அவர் முயல் விற்கக் கூடாது. தெரிந்தும் சாக்கைத் தள்ளிவிடுகிறார் என்றால் அது இன்னும் கேவலம். கலர் கலராக விதையும் உலர்பழமும் கலந்து பாக்கெட்டில் வருவதையும் வாங்காதீர்கள். இனிப்பானதைப் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை ஒதுக்கும். வெளிநாட்டுப் புல் என்று கிலோ நூற்றுக்கணக்கில் விற்கிறார்கள். அது நல்ல பொருள்தான், ஆனால் ராகி விளைகிற வீட்டுக்கு அது எதற்கு?

உங்கள் ராகிக் கொல்லையில் கதிர் அறுத்த பிறகு நிற்கும் தாள், நெல் வைக்கோலைவிடச் சத்தும் ருசியும் உள்ளது. மாடு எப்படி ஓடி வந்து தின்கிறது என்று உங்களுக்கே தெரியும். கதிர் ஒன்றும் ஒட்டாமல், பூஞ்சணம் பிடிக்காத தாளாகப் பார்த்து ஒரு கட்டு முயலுக்கென்று ஒதுக்குங்கள். அதோடு புல்லையும் காயவைத்துச் சேருங்கள். அருகு, கொழுக்கட்டைப் புல், கினியாப் புல் எதுவானாலும் பூவெடுக்கும் பருவத்தில், விதை முற்றுவதற்கு முன் அறுக்க வேண்டும். காலைப் பனி வற்றியபின் பத்து மணிவாக்கில் அறுத்து, கையளவு உயரத்துக்கு மேல் குவியாமல் மெல்லப் பரப்பி, அரை நாள் வெயிலில் புரட்டிவிடுங்கள். பிறகு நிழலுக்கு மாற்றி இரண்டு மூன்று நாள் காற்றோட்டமாகக் காயட்டும். நாள் முழுக்க வெயிலில் போட்டால் மஞ்சளித்துச் சத்து போய்விடும். தண்டை மடக்கினால் படக்கென்று ஒடிய வேண்டும், நிறம் பச்சையாகவே இருக்க வேண்டும், கையில் கசக்கி மோந்தால் தேயிலை வாசம் மாதிரி இனிய மணம் வர வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, கட்டி வைத்தால் நடுவில் சூடேறிப் பூஞ்சணம் வரும். கோணிச் சாக்கில் தளர்வாக அடைத்து உயரத்தில் தொங்கவிடுங்கள், பாலித்தீன் பையில் போடாதீர்கள். வேர்க்கடலைக் கொடி கிடைத்தால் கொஞ்சம் கலக்கலாம், ஆனால் மழையில் நனைந்து கறுத்த கொடியை மாட்டுக்கும் போடாதீர்கள், முயலுக்கும் போடாதீர்கள்.

தினமும் முயலின் உடம்பளவு ஒரு குவியல், ராத்திரியும் தீராதபடி கூண்டில் இருக்க வேண்டும். முயல் அதிகம் தின்பது அந்திக்கும் விடியலுக்கும் இடையில்தான். பச்சைத் தீனியில் வேலிமசால், முருங்கை, அகத்தி, கொத்தமல்லி நல்லது. வேலிமசால் விதை பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், வரப்போரம் ஒருமுறை விதைத்தால் வருஷக்கணக்கில் அறுக்கலாம். சூபாபுல் மரத்தழையைத் தினம் போடாதீர்கள், அதிலுள்ள மைமோசின் முடியை உதிர்க்கும். கேரட் விரல் நுனி அளவு, எப்போதாவது.

கோஸ் இலையைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்ல வேண்டும். உங்களுக்கு அது வெளி இலைதானே வந்திருக்கும், வண்டியில் ஏற்றும்போது உரித்துப் போடுவது? பூச்சிமருந்து அதிகம் விழுவது அந்த இலையில்தான். அது காற்றையும் கட்டும். தக்காளித் தழை முயலுக்கு ஆகாது. அதைவிட முக்கியம், தக்காளித் தோட்டத்தில் பிடுங்கிய களையையும் அதன் வரப்புப் புல்லையும் எடுக்கவே எடுக்காதீர்கள். நீங்கள் அடிப்பது செடிக்கு, காற்று கொண்டுபோய்ச் சேர்ப்பது வரப்புக்கு. கடந்த சில நாளில் மருந்தடித்துவிட்டு அங்கிருந்து தழை பறித்துப் போட்டிருந்தால், மறைக்காமல் மருத்துவரிடம் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். சிகிச்சையே மாறும்.

கொட்டாயை மாற்றுங்கள். 30 டிகிரிக்கு மேல் போனாலே முயல் தீனியைக் குறைத்துவிடும். அதற்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை விடும். தகரத்துக்கு மேல் தென்னை ஓலை போட்டு, பக்கத்தில் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். கிரேட்டுக்குள் நாலு தவ்வு தவ்வ இடமில்லை, ஓடியாடாத முயலுக்குக் குடலும் மந்தம். அந்த பிளாஸ்டிக்கையும் கடித்துத் தின்றிருக்கலாம், ஓரத்தில் பல் பட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அடைப்புக்கு அதுவும் காரணம் ஆகலாம்.

இன்னொன்று. ஜோடி என்று கொடுத்தவர், ஆறு மாதத்தில் இவை குட்டி போடும் பருவம் அடையும் என்று சொன்னாரா? சினைக்காலம் 30, 32 நாள்தான். பெண் முயல் சினையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இரண்டையும் தனித்தனி கூண்டில், ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். குட்டி போட்டால் திரும்ப வாங்கிக்கொள்கிறோம், பண்ணை வையுங்கள் என்று யாராவது வந்தால் பேச்சை வளர்க்காதீர்கள். குட்டி விற்கும்வரை போனை எடுப்பார்கள், வாங்க வேண்டிய நாளில் எடுக்க மாட்டார்கள்.

பெண் முயல் நன்றாகத் தின்கிறது என்பதை வைத்து அதை விட்டுவிடாதீர்கள். தின்பது அதே தீவனம்தான். குஞ்சுத் தீவனத்தை இன்றே எடுத்துவிட்டுக் காய்ந்த தாளை வேண்டிய மட்டும் போடுங்கள். பச்சைத் தீனியை மட்டும் ஒரு பிடியில் ஆரம்பித்து ஒரு வாரத்தில் கூட்டுங்கள். மருத்துவமனைக்கு அதையும் அழைத்துப் போங்கள், சினையா என்று வயிற்றைத் தொட்டுச் சொல்லிவிடுவார். போகும்போது தீவனச் சாக்கின் லேபிளைக் கிழித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண் முயல் கடைசியாகப் போட்ட அந்த நாலைந்து புழுக்கையையும், பெண் முயலின் இன்றைய புழுக்கையையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போங்கள், குடல் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லலாம். என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.