மாத்திரைக்கு நோய் ஏன் கேட்கவில்லை? ஒரு தாய்க்குப் பதில்

பெரம்பூரிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

இரண்டு முறை நீட் எழுதிய மகளுக்கு மூன்றாம் முறையும் பயிற்சி மையத்தில் பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. புகையே பிடிக்காத பாட்டிக்கு நுரையீரல் புற்றுநோய். தினம் ஒரு மாத்திரையில் எழுந்து சமைக்கும் அளவுக்குத் தேறினார். ஓராண்டு கழித்து நோய் அதே மாத்திரைக்குக் கேட்கவில்லை. ஏன் என்று உங்கள் மகள் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அதற்கு விடை தேடுபவர்களில் வேதியியலாளர்களும் உண்டு. இவ்வகை நோயாளிகள் பலருக்கு ஈஜிஎஃப்ஆர் என்ற புரதம் பிறழ்ந்து, வளரும்படி செல்லை ஓயாமல் தூண்டுகிறது. ஜெஃபிடினிப் போன்ற மாத்திரைகள் அதை அடக்குகின்றன. மாத்திரைக்குக் கட்டுப்படும் அந்தப் பிறழ்வு 2004-இல் தெரியவந்தது. மருந்து தோற்பதற்கான ஒரு காரணம் மறு ஆண்டே பிடிபட்டது. புரதம் என்பது அமினோ அமிலங்களின் சங்கிலி; அதன் 790-ஆம் இடத்தில் த்ரியோனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் மெத்தியோனின் வந்துவிடுகிறது. அதையும் வெல்லும் ஒசிமெர்டினிப் என்ற மாத்திரை 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது 797-ஆம் இடத்துச் சிஸ்டைனின் கந்தகத்தோடு சகப்பிணைப்பு, அதாவது எலக்ட்ரான்களைப் பகிரும் வலுவான பிணைப்பு, கொள்ளும். சில நோயாளிகளிடம் அந்தச் சிஸ்டைன் செரினாக மாறிய செல்கள் பிழைத்துப் பெருகுகின்றன. கந்தகம் இருந்த இடத்தில் ஆக்சிஜன், அவ்வளவுதான் வேறுபாடு. மருந்தின் பிடி போய்விடுகிறது! இதை அவளிடம் வாசித்துக் காட்டுங்கள். அவள் முகம் மலர்ந்தால் வழி இதுதான்.

இளநிலையில் வேதியியலோ உயிர்வேதியியலோ படிக்கட்டும். ராணி மேரி, மாநிலக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் கட்டணம் குறைவு. பயோடெக் என்ற பெயருக்காக லட்சங்களைக் கொட்டாதீர்கள். எந்தக் கல்லூரியானாலும் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கூடவே புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி நிரல் மொழியும் கற்கட்டும். பிறகு ஜாம் தேர்வு எழுதி ஐஐடியில் முதுநிலை, அல்லது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி, தரமணி வளாகங்கள். ஒருநாள் அவளைச் சர்தார் படேல் சாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகம், தோல் ஆராய்ச்சி நிறுவனம், புற்றுநோய் மருத்துவமனை எல்லாம் அந்த ஒரே சாலையில் இருக்கின்றன.

கசப்பையும் சொல்லிவிடுகிறேன். முனைவர் பட்டம் முடிக்கையில் அவள் முப்பதை நெருங்கியிருப்பாள். சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும், கிடைக்காவிட்டால் சிரமம்தான். திருமணப் பேச்சை உறவினர்கள் எடுப்பார்கள். அப்போது நீங்கள் அவள் பக்கம் நிற்க வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பில் அவள் வேதியியலில் வாங்கிய மதிப்பெண்ணை நீங்கள் எழுதவில்லை. அதை அனுப்புங்கள், நீட் மதிப்பெண் எனக்கு வேண்டாம்.