காலையில் கரகரக்கும் டைமிங் செயின்: வீட்டிலேயே மாற்றலாமா?

பணகுடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "1,40,000 கிலோமீட்டர் ஓடிய என் பெட்ரோல் காரில், காலையில் ஸ்டார்ட் செய்ததும் மூன்று நான்கு விநாடிகள் சங்கிலியைத் தகரத்தில் உரசுவதுபோல் சத்தம் வந்து அடங்குகிறது. டைமிங் செயினையும் டென்ஷனரையும் நானும் என் மைத்துனரும் வீட்டுக் கொட்டகையிலேயே மாற்ற முடியுமா?"

முடியும். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் இணைத்துச் சுழல வைக்கும் சங்கிலிதான் டைமிங் செயின். ஆனால் கழற்றும் முன் ஆயில் அளவைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் டென்ஷனர் செயினை இறுக்கிப் பிடிப்பது எஞ்சின் ஆயிலின் அழுத்தத்தால்தான். இரவில் ஆயில் வடிந்துவிட்டால், அழுத்தம் மீண்டும் ஏறும்வரை செயின் தளர்ந்து அடிக்கும். ஆயில் குறைந்திருந்தாலோ கெட்டுப்போயிருந்தாலோ இதே சத்தம் வரக்கூடும் என்பதால், சரியான கிரேடு ஆயிலும் புதிய ஃபில்டரும் போட்டு ஒரு வாரம் கவனியுங்கள். அதன் பிறகும் சத்தம் நிற்காவிட்டாலோ, ஸ்கேனரில் பி0016 என்ற குறி (கிராங்க்கும் கேமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று பொருள்) வந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் பின்கள் தேய்ந்து, அந்தச் சிறு சிறு தளர்வுகள் சேர்ந்தே செயின் நீளமாகிறது. அது ஒரு பல் தாவினால்கூட டைமிங் கெடும், மேலும் தாவினால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

செயின், டென்ஷனர், செயின் உரசி ஓடும் கைடுகள், முன்பக்க ஆயில் சீல் ஆகிய அனைத்தையும் சேர்த்தே வாங்குங்கள். பல்சக்கரங்களின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயின் நெடுநாள் உழைக்காது. உங்கள் எஞ்சினுக்குரிய சர்வீஸ் மேனுவலும், போல்ட்டைக் குறித்த அளவு விசையில் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சும் கையில் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

உங்கள் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே காற்று சீறும் ஆனி, ஆடி மாதங்களில், நாற்புறமும் திறந்த கொட்டகையில் எஞ்சினைத் திறந்து வைப்பது ஆயிலுக்குள் புழுதியை அள்ளிப் போடுவதற்குச் சமம். காற்றடிக்கும் மாதங்கள் கழியட்டும், அல்லது மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டி, திறந்த வாய்களைச் சுத்தமான துணியால் மூடி வையுங்கள்.

பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, ஆயிலை வடித்த பிறகு, வலது முன்சக்கரம், பெல்ட், கிராங்க் புல்லி, வால்வு மூடி, முன்மூடி என்று வரிசையாகக் கழற்றுவது பொறுமை மட்டுமே கேட்கும் வேலை. எஞ்சின் மவுண்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தால், சம்ப்பின் (எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) கீழ் மரப்பலகை வைத்து ஜாக்கியால் தாங்கிய பின்னரே கழற்றுங்கள்.

கவனமெல்லாம் குறிகளில் இருக்க வேண்டும். செயினைக் கழற்றுமுன் மேனுவல் சொல்லும் நிலைக்கு கிராங்க்கைத் திருப்பி, எல்லாக் குறிகளையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். செயின் இல்லாத நேரத்தில் கிராங்க்கையோ கேமையோ தனியே திருப்பினால் வால்வு வளையலாம். புதுச் செயினின் வண்ணக் கண்ணிகளைப் பல்சக்கரக் குறிகளோடு பொருத்தி, கைடுகளை மாட்டிய பிறகே டென்ஷனரைப் பூட்டி வைத்திருக்கும் பின்னை உருவுங்கள். பின்பு ஸ்பானரால் கிராங்க்கை, அது வழக்கமாகச் சுழலும் திசையிலேயே, முழுதாக இரண்டு சுற்று திருப்புங்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஒரு சுற்றுதான் சுற்றும் என்பதால், பல்சக்கரக் குறிகள் மீண்டும் பழைய இடத்துக்கு வந்து நிற்கும்; வண்ணக் கண்ணிகளோ நகர்ந்துபோயிருக்கும். இதைத் தவறென்று எண்ணி, சரியாகப் பூட்டிய செயினை மறுபடி பிரித்துக் குழப்பிக்கொண்ட இளைஞர்கள் இருவரை என் பட்டறையில் பார்த்திருக்கிறேன். திருப்பும்போது எங்காவது தடுத்தால் பலத்தைக் காட்டாமல் நிறுத்திச் சரிபாருங்கள்.

முன்மூடிக்குப் பூசிய சீலன்ட் அதன் டப்பாவில் குறித்த நேரம் காய்ந்த பிறகு ஆயிலை ஊற்றி, ஃபியூவல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, சில விநாடிகள் ஸ்டார்ட்டரைச் சுழற்றி ஆயிலை மேலேற்றுங்கள். ஃபியூஸைத் திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்ததும் சிறிது நேரம் சத்தம் இருக்கலாம். அது அடங்காமல் தொடர்ந்தாலோ, ஆயில் விளக்கு அணையாவிட்டாலோ, உடனே எஞ்சினை நிறுத்திவிடுங்கள்.