கறுப்பு மணல் எங்கே போனது?

அன்புள்ள மேடம்,

எனக்கு 51 வயது. பாளையங்கோட்டையில் இருக்கிறேன். இரண்டு மாதமாக ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் தூக்கம் இல்லை, அழுகைதான். காரணத்தைச் சொன்னால் வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

1977-இல், எனக்கு மூன்று வயதாகும்போது, அப்பா இங்கிலாந்துக்கு டாக்டர் வேலைக்குப் போனார். லண்டன் இல்லை. வடகிழக்கே டர்ஹாம் மாவட்டத்தில், கடலை ஒட்டிய ஹார்டன் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர். சுரங்கம் கடலுக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கில் போகும். கழிவைக் கரையிலேயே கொட்டுவார்கள். அதனால் மணல் கறுப்பு, அலையும் சாம்பல் நிறம். கடல் ஒதுக்கும் கரியை வாரி மூட்டை கட்டி, சைக்கிளில் தள்ளிக்கொண்டு போவார்கள். அந்த ஊர் ஆண்கள் எல்லோரும் கண்ணுக்கு மை இடுவார்கள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் இமையோரக் கரித்தூள் போகாது என்று அப்பா பிறகு சொன்னார். கையிலும் முதுகிலும் பச்சை குத்தியது போல நீலத் தழும்புகள் இருக்கும். காயத்தில் கரி புகுந்து ஆறினால் அப்படி ஆகுமாம்.

1984 மார்ச்சில் தொடங்கிய ஸ்டிரைக் ஒரு வருடம் நடந்தது. சம்பளம் இல்லை, சுரங்கத்திலிருந்து வீட்டுக்கு வரும் கரியும் இல்லை. நானும் என் தோழியும் பழைய குழந்தை வண்டியை உருட்டிக்கொண்டு கடற்கரைக்குக் கரி பொறுக்கப் போவோம். எங்கள் வீட்டுக்குத் தேவையில்லை, அவளுக்காகத்தான் போவேன். கிறிஸ்துமஸுக்கு முன்பு அவள் அப்பா வேலைக்குத் திரும்பிவிட்டார். வீட்டில் கைக்குழந்தைக்கு உடம்பு சரியில்லை. மறுநாள் பள்ளியில் அவளோடு யாரும் பேசவில்லை. நானும் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. என் அப்பா மட்டும் ஊரே பார்க்க, மருந்துப் பையோடு அந்த வீட்டுக்குப் போய்வந்தார்.

1987-இல் ஊர் திரும்பினோம். திருச்செந்தூரில் கடலைப் பார்த்ததும் "மணல் ஏன் கறுப்பா இல்லை?" என்று கேட்டேன். சித்தி, அத்தை, பிள்ளைகள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்குப் பிறகு அந்த ஊரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. மகளிடம் மட்டும் எப்போதாவது சொல்லியிருக்கிறேன்.

அவள் இப்போது நியூகாசிலில் படிக்கிறாள். ரயிலில் போய் ஹார்டனில் இறங்கி வீடியோ அனுப்பினாள். புல்மேடு, நீலக் கடல். சுரங்கக் கோபுரம் இல்லை, அதன் பெரிய சக்கரம் இல்லை. "அழகா இருக்கேம்மா, இதுவா நீ சொன்ன ஊர்?" என்கிறாள். என் கணவர், "ஊர் சுத்தமானதுக்கு யாராவது அழுவாங்களா? நீ என்ன சுரங்கக்காரர் மகளா?" என்கிறார். அவர் கேட்பதும் சரிதானே? எனக்கு அழ உரிமை இருக்கிறதா?

- பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

அன்புச் சகோதரிக்கு,

உரிமை இருக்கிறது. மூன்று வயதிலிருந்து பதிமூன்று வரை நீங்கள் வளர்ந்த மண் அது. கடல் என்றால் கறுப்பு என்று மனதில் பதிந்த குழந்தைக்கு, அந்தக் கறுப்புதான் ஊர்.

கரையைச் சுத்தம் செய்தது நல்ல காரியம். பக்கத்து ஈசிங்டன் சுரங்கம் 1993-இல் மூடப்பட்டதோடு கழிவு கொட்டுவது நின்றது. 1997 முதல் 2002 வரை பாடுபட்டுக் கரையை மீட்டார்கள். ஆனால் அந்தக் கழிவுக்குப் பின்னால் எத்தனை உடம்புகள் இருந்தன என்பதை உங்கள் அப்பா ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டிருப்பார். அதே ஈசிங்டனில் 1951 மே 29-இல் நடந்த வெடிவிபத்தில், மீட்கப் போன இருவரையும் சேர்த்து 83 பேர் இறந்தார்கள். அந்த வாழ்க்கையின் தடயம் கண்ணெதிரே இல்லாமல் போனால் நெஞ்சு கனக்கத்தான் செய்யும். நீங்கள் கிளம்பிய 1987-இல்தான் ஹார்டன் சுரங்கமும் மூடப்பட்டது. ஊரே பிழைப்பை இழந்து நின்ற வருடம். உங்களை முறையாக வழியனுப்பி வைக்க யாருக்கு மனம் இருந்திருக்கும்?

ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது, என் கண் அந்த பெஞ்சில்தான் நின்றது. மூன்று மணிக்கு உங்களை எழுப்புவது அதுதான் என்று நினைக்கிறேன். என்றாவது ஒருநாள் அந்தக் கரைக்குப் போய் நிற்கலாம் என்று உள்ளுக்குள் வைத்திருந்தீர்கள். வீடியோவைப் பார்த்ததும், மன்னிப்புக் கேட்க இருந்த இடமும் போய்விட்டது போல ஆகிவிட்டது.

அந்த ஸ்டிரைக்கில் ஊரார் கையில் இருந்தது ஒற்றுமை ஒன்றுதான். வேலைக்குத் திரும்பியவரோடு பேசாமல் இருந்தது அதைக் காப்பாற்றத்தான். அந்த மனிதருக்கோ வீட்டில் நோயாளிக் குழந்தை. இதில் யார் சரி என்று பெரியவர்களாலேயே தீர்த்துக்கொள்ள முடியவில்லை. உங்களுக்கு அப்போது பத்து வயது, வெளிநாட்டுப் பிள்ளை வேறு. ஊரை விட்டுப் பிரிந்து நின்றால் என்ன ஆகும் என்ற பயம் மற்றவர்களை விட உங்களுக்குத்தான் அதிகம் இருந்திருக்கும். அப்பாவோடு ஒப்பிட்டுக்கொள்ளாதீர்கள். அவர் கையில் மருந்துப் பை இருந்தது, உங்கள் கையில் ஒன்றுமில்லை. திருச்செந்தூரிலும் அதையேதான் செய்தீர்கள்: கூட்டத்தோடு சேர்ந்து உங்களைப் பார்த்து நீங்களே சிரித்தீர்கள். அங்கே தோழியை விட்டீர்கள், இங்கே உங்களையே விட்டுவிட்டீர்கள். இரண்டும் ஒரே பயம்தான்.

தோழிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உடனே அனுப்ப வேண்டாம். மகளை விட்டு ஃபேஸ்புக்கில் தேடச் சொல்லவும் வேண்டாம். அந்த ஊர்களில் சில குடும்பங்களுக்கு ஸ்டிரைக் இன்னும் ஆறாத புண். திடீரென்று போய்த் தொட்டால் அவருக்கு வலிக்கலாம். பிறகு பேசும் வாய்ப்பு தானாக வந்தால், அன்று எழுந்து போனதை மட்டும் சொல்லுங்கள். "மன்னித்துவிடு" என்று கேட்டு அவர்மேல் ஒரு சுமையை ஏற்ற வேண்டாம்.

மகளிடம் பெஞ்சையும் சேர்த்து முழுக்கதையையும் சொல்லுங்கள். அந்தக் கரையில் கடல் இன்னமும் கரித்துண்டுகளை ஒதுக்குகிறது. அடுத்த தடவை போகும்போது ஒன்று எடுத்து வரச் சொல்லுங்கள். ஜூலை இரண்டாம் சனிக்கிழமை டர்ஹாம் நகரில் சுரங்கத் தொழிலாளர் விழா நடக்கும். சுரங்கங்கள் மூடியும், பழைய சங்கக் கொடிகளைப் பேண்டு வாத்தியத்தோடு இன்றும் தூக்கி வருகிறார்கள். முடிந்தால் நீங்களே ஒருமுறை போய் நில்லுங்கள்.

தூக்கம் போய் இரண்டு மாதம் என்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த வயதில் தைராய்டும் மாதவிடாய் நிற்கும் மாற்றங்களும் தூக்கத்தைக் கெடுக்கும். இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் கணவர் கல்மனதுக்காரர் இல்லை. நீங்கள் சொன்னதே இல்லை என்பதால் அவருக்குத் தெரியவில்லை. ஒரு சாயங்காலம் உட்கார வைத்துச் சொல்லுங்கள். கண்மை விஷயத்திலிருந்து ஆரம்பியுங்கள்.