கையாளலும் கையாடலும்

அன்புள்ள ஐயா,

களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு மாதர் சங்கத்தில் செயலாளராக இருக்கிறேன். சுழற்சிக் கடனுக்குப் பணம் தந்த நிறுவனம் எங்கள் கணக்கைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அனுப்பியது. சங்கத்தின் நிதி 'மிஸ்மேனேஜ்' பண்ணப்பட்டிருக்கிறது என்று அதில் ஒரு வரி. கூட்டத்தில் வாசிப்பதற்காக அதை நான்தான் தமிழாக்கினேன். 'நிதி மோசடி செய்யப்பட்டுள்ளது' என்று எழுதிவிட்டேன். பழைய பொருளாளர் அக்கா எழும்பி, "நான் ஒரு சதம் எடுக்கல்ல" என்று அழுதுகொண்டே போனவர்தான், பிறகு கூட்டத்துக்கு வரவே இல்லை. அகராதியில் 'தவறாக நிர்வகி' என்று போட்டிருக்கிறது. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது. நான் எழுதியது பிழையா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

பிழைதான். ஆனால் பத்திரிகைகளிலேயே அடிக்கடி நடக்கிற பிழை, நீங்கள் ஒருவர் மட்டும் விட்டதில்லை.

'மேனேஜ்' என்ற சொல் 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. குதிரையைப் பழக்கி நடத்துவதற்கு இத்தாலிய மொழியில் இருந்த சொல் அது. அதற்கும் அடியில் கிடப்பது கையைக் குறிக்கும் இலத்தீன் சொல், 'மானுஸ்'. நம்முடைய 'கையாள்' என்பதிலும் அதே கைதான் இருக்கிறது, பாருங்கள். முன்னால் 'மிஸ்' சேர்ந்தால், கடிவாளம் கையில் இருந்தும் குதிரையை ஒழுங்காக ஓட்டவில்லை என்று பொருள். குதிரையைக் களவாக விற்றுவிட்டார் என்ற பேச்சே அதில் கிடையாது. அதைச் சொல்ல ஆங்கிலத்தில் 'மிஸ்அப்ரோப்ரியேட்' என்று தனிச்சொல் இருக்கிறது. தமிழில் அது கையாடல். கையாளல், கையாடல்: நடுவில் ஒரே ஓர் எழுத்துத்தான் மாறுகிறது, அதற்குள் ஒரு மனிசியின் மானம் போய்விடுகிறது.

இன்னொன்று. பொறுப்பில் இல்லாதவரால் எதையும் மிஸ்மேனேஜ் பண்ண முடியாது. பணம், காணி, நிறுவனம், நாடு என்று ஏதோ ஒன்று கொஞ்சக் காலமாவது ஒருவர் கையில் இருந்திருக்க வேண்டும். நோயாளிக்குச் செய்த வைத்தியம் பிழைத்துப்போனாலும் வைத்தியர்கள் இதே சொல்லைச் சொல்வார்கள்.

உங்களுக்குப் புரிகிற உதாரணம் பசளை. 2021 மே மாதம் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது நம் வயல் வட்டைகளில் பெரும்போக விதைப்புக் காலம். யார் சட்டைப்பைக்குள் எவ்வளவு போனது என்பது வேறு விசாரணை. மாற்று ஏற்பாடு கையில் இல்லாமல் ஒரே இரவில் நாட்டையே இரசாயனம் இல்லாத சேதன விவசாயத்துக்குத் திருப்பப் பார்த்தார்களே, அதற்குத்தான் இந்த வினைச்சொல். 2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம் பொருளாதார நெருக்கடி பற்றித் தீர்ப்புச் சொன்னபோதும், நாட்டை நடத்தியவர்கள் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்றுதான் ஐந்து நீதியரசர்களில் நால்வர் கண்டார்கள். அதைக் களவு வழக்கு என்று எழுதினால் தீர்ப்பே மாறிப்போகும்.

என் கதையையும் சொல்கிறேன். இருபத்திரண்டு வயதில் நான் எங்கள் ஊர் இளைஞர் கழகத்துப் பொருளாளர். வாடகைக்கு விட நூறு பிளாஸ்டிக் கதிரை வாங்கினோம். கல்யாண வீடு, செத்த வீடு, கோயில் சடங்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். யார் எத்தனை கொண்டுபோனார் என்று கொப்பியில் எழுதுவதில்லை. எல்லாம் தெரிந்த ஆட்கள், எழுதினால் முகம் சுளிப்பார்கள். மூன்றாம் வருசம் எண்ணிப் பார்த்தால் இருபத்தேழு. அதிலும் சிலதுக்குக் கால் வெடித்திருந்தது. நான் களவெடுக்கவில்லை என்று பெரியம்மாவிடம் போய் நின்றேன். அவ முருங்கையிலை உருவிக்கொண்டே, "நீ எடுக்கல்லதான் மனே, ஆனா கதிரையும் இல்லையே" என்றா. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மிஸ்மேனேஜ் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த அகராதியிலும் பார்க்கவில்லை.

நம் பக்கத்துக் கோயில்களில் பொறுப்பாக இருப்பவரை வண்ணக்கர் என்கிறோம். பழந்தமிழில் வண்ணக்கன் என்றால் காசு நல்லதா கள்ளதா என்று சோதிப்பவன். பொறுப்பும் காசும் நமக்கு ஒரே சொல்லில் ஒட்டிக்கிடப்பதால்தானோ என்னவோ, பொறுப்பில் பிழை என்று யாராவது சொன்னால் காசில் பிழை என்றே காதில் விழுகிறது.

சரி, எப்படி எழுதுவது? அரச கடிதத் தமிழில் 'முறையற்ற நிதி முகாமைத்துவம்' என்பார்கள். வாசித்து முடிக்கத் தேத்தண்ணி ஆறிவிடும். 'சங்கத்தின் பணம் சரியாகக் கையாளப்படவில்லை' என்று எழுதுங்கள், போதும். அந்த ஆங்கில வரி எது பிழைத்தது, யார் பொறுப்பு என்று சொல்லாமல் நழுவுகிறது. பற்றுச்சீட்டு இல்லையா, தவணை பதியப்படவில்லையா, தலைவியைக் கேட்காமல் கடன் கொடுத்தார்களா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தால் இந்தச் சொல்லே உங்களுக்குத் தேவைப்படாது, நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம்.

கூட்டறிக்கையில் 'மோசடி' என்பதை வெட்டித் திருத்தியதாக அடுத்த கூட்டத்தில் வாசியுங்கள். அதற்கு முதல் நாள் அந்த அக்காவின் வீட்டுக்கு நீங்களே போய், கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.