மெட்டல் டிடெக்டர்: இங்கிலாந்து வயல்களில் தேடுவோருக்குக் கேள்வி பதில்

கே: லண்டனுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வயலில் இறங்கித் தேட ஆசை. முதலில் என்ன வாங்க வேண்டும்?

ப: நிலத்துக்காரரிடம் அனுமதி, அதுவும் எழுத்தில். வயல் வழியே பொதுப்பாதை போனாலும் அதில் நடக்கலாமே தவிர தோண்ட முடியாது. கிடைப்பதில் யாருக்கு எவ்வளவு என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடமாக இருந்தால் அவர் சம்மதம் மட்டும் போதாது. அரசின் அனுமதியில்லாமல் அங்கே டிடெக்டரைப் பயன்படுத்துவது 1979 சட்டப்படி குற்றம். மெஷினைப் பொறுத்தவரை மிகக் குறைந்த அதிர்வெண்ணில் இயங்கும் சாதாரண விஎல்எஃப் வகை போதும். கூடவே ஒரு பின்பாயின்டரும் (குழிக்குள் பொருள் எங்கே என்று காட்டும் சிறு கைக்கருவி) ஹெட்ஃபோனும் வேண்டும். ஆழத்தில் கிடக்கும் காசின் சத்தம் மெலிசு, காற்றடித்தால் காதில் விழாது.

கே: புது மெஷின் ஓயாமல் கத்துகிறது. பழுதா?

ப: பெரும்பாலும் சென்சிட்டிவிட்டியை (உணர்திறனை) முழுதாக ஏற்றி வைத்திருப்பீர்கள். அதைப் பாதிக்கு இறக்குங்கள், செல்போனை அணையுங்கள், மின்கம்பியையும் மின்வேலியையும் விட்டுத் தள்ளிப் போங்கள். பிறகு கிரவுண்ட் பேலன்ஸ். உலோகம் இல்லாத ஓர் இடத்தில் காயிலை, அதாவது மெஷினின் அடிமுனைத் தட்டை, தரையிலிருந்து ஒரு முழ உயரம் வரை ஏற்றி இறக்கிக்கொண்டே சரிசெய்ய வேண்டும், ஏற்றினாலும் இறக்கினாலும் சத்தம் மாறாத வரைக்கும். மண்ணிலுள்ள இரும்புத் தாதுவைக் கணக்கிலிருந்து கழிக்கத்தான் இது. வயல் மாறினால் மறுபடி செய்யுங்கள்.

கே: ஒரு காசு எவ்வளவு ஆழம் வரை கேட்கும்?

ப: சுமார் 15 முதல் 20 செ.மீ. வீச்சு சரியில்லை என்றால் அதுவும் கிடையாது. புதியவர்கள் ஊஞ்சல் மாதிரி இரு ஓரத்திலும் காயிலைத் தூக்கிவிடுகிறார்கள். தரையை ஒட்டி 2, 3 செ.மீ. உயரத்தில் மட்டமாகப் போக வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூட வேண்டும்.

கே: திரையில் அலுமினியத் தாளுக்கு வரும் எண் வந்தால் தோண்டாமல் விட்டுவிடுகிறேன். சரிதானே?

ப: அங்கேதான் தங்கத்தைக் கோட்டைவிடுகிறீர்கள்! திரையில் வரும் எண் உலோகத்தின் பெயரல்ல. மின்கடத்தும் திறன், அளவு, வடிவம் எல்லாம் கலந்த விடை அது. மெல்லிய தங்க மோதிரமும் சோடா டப்பாவின் வளையமும் ஏறக்குறைய ஒரே எண்ணில் வந்து நிற்கும். பத்துத் தடவை குப்பை வந்தாலும் தோண்டத்தான் வேண்டும். இரும்புக்கு வேறு சோதனை உண்டு. பெரிய தட்டையான இரும்பு வெள்ளி மாதிரியே பாடும். 90 பாகை திரும்பி நின்று வீசிப் பாருங்கள். சத்தம் உடைந்து எண் தாவினால் பெரும்பாலும் இரும்பு. ஆணி நிறைந்த இடத்தில் 6 அங்குலக் காயில் மாட்டுங்கள். பெரிய காயிலின் அடியில் ஆணியும் காசும் ஒன்றாக விழுந்தால் காசின் சத்தம் அமுங்கிவிடும்.

கே: மண் ஒட்டிய பழைய செப்புக் காசு ஒன்று இருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

ப: அது குத்துவிளக்கு இல்லை. புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் பச்சைப் படலத்தைக் கரைக்கும்; எழுத்து அந்தப் படலத்தில்தான் நிற்கிறது. வாலைவடிநீரில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் மண்ணை மட்டும் எடுங்கள். விலை உள்ளதென்று தோன்றினால் அதையும் செய்ய வேண்டாம்.

கே: புதையலே கிடைத்துவிட்டால்?

ப: தோண்டுவதை நிறுத்துங்கள். 1992இல் இங்கிலாந்தின் ஹாக்ஸ்ன் கிராமத்தில் எரிக் லாஸ் என்பவர், விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப்போய் ரோமானியப் புதையலைக் கண்டார். கொஞ்சம் எடுத்ததும் நிறுத்தித் தகவல் சொன்னதால் மீதியைத் தொல்லியலாளர்கள் இருந்த இருப்பிலேயே எடுக்க முடிந்தது. 1996 புதையல் சட்டப்படி 14 நாளுக்குள் கரோனருக்கு (புதையலை விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும். மறைப்பதில் லாபமில்லை: 2009இல் கிடைத்த ஸ்டாஃபர்ட்ஷயர் புதையலுக்குக் கொடுத்த 32.85 லட்சம் பவுண்டு, கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பாதிப் பாதியாகப் போனது. ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.

கே: ஊருக்குப் போகும்போது மெஷினைக் கொண்டுபோய் கரூர் அமராவதியில் தேடலாமா?

ப: அங்கே ரோமானியக் காசுகள் கிடைத்திருப்பது உண்மைதான். ஆனால் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவானாலும் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். தவறினால் ஓராண்டு வரை சிறை. மெஷின் லண்டனிலேயே இருக்கட்டும்.